மயில்கொன்றைக்காக ஒரு வாக்கு

காலையிலேயே மாதனூர் வெயில் முதுகில் ஏறுகிறது. பக்கத்து வீட்டு மயில்கொன்றை தெரு முழுக்கச் சிவப்பாக உதிர்த்திருக்கிறது. இந்த வாசலில் இருக்கும் மயில்கொன்றை, இளம்பரிதிக்கும் எழிலரசிக்கும் கல்யாணமான வருஷம் நட்டது. இன்னும் ஒரு பூ வைக்கவில்லை. அதன் இலைகள் மட்டும் சும்மா இருக்க முடியாமல் அலைகின்றன. காய்க்காத மாமரத்தை மிரட்டுகிற வழக்கத்தை மாமியார் பூவம்மாள் இதற்கும் கொண்டுவந்துவிட்டாள். மகன் வெட்டுவதுபோல் கொடுவாளை ஓங்க வேண்டும். மருமகள் தடுத்து, மரத்துக்காக வாக்குக் கொடுக்க வேண்டும். ஷூ கம்பெனிக்குக் கிளம்பி நிற்கும் எழிலரசி அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றுகிறாள், பிரிக்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. “பூக்காத மரம் இன்னாத்துக்கு, வெட்டிடறேன்,” என்கிறான் இளம்பரிதி, அவள் முகத்தைப் பார்க்காமல். கொடுவாள் முனையில் வெயில் துடிக்கிறது. எதிர்வீட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றுவிடுகிறார்கள். “வேணாம், வர்ற வருஷம் பூத்துடும்னு சொல்லுடி. பஸ்ஸு போய்டப்போவுது,” என்கிறாள் பூவம்மாள். கோயில் மரத்தில் மருமகளைத் தொட்டில் கட்டவைத்த அன்றும் அவள் குரலில் இதே அவசரம்தான். எழிலரசி கணவனின் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். வளையல்கள் சரிந்து கொடுவாள் பிடியில் மோதுகின்றன. “பூக்கலன்னா இன்னா இப்போ? தெனம் இதும் நெழல்லதான வண்டிய நிறுத்துறீங்க.” ஹாரன் விடாமல் அடிக்கிறது. அவளும் அவன் கையை விடவில்லை.