ஒரே கேட்

நீச்சல்குளத்தைச் சுற்றி இருந்த கம்பிவேலியை அவர் அசைத்துப் பார்த்தார்.

உறுதியாகத்தான் இருந்தது.

"பேரப்பிள்ளைங்க வருவாங்களா சார்?" என்றான் புரோக்கர் ஜெயசீலன்.

ஆமாம் என்பதுபோல் தலையாட்டிவைத்தார்.

கூடுவாஞ்சேரியில் பழைய குடியிருப்பு. வேப்பமரங்கள் மாடி உயரத்துக்கு வளர்ந்திருந்தன. பூங்கா, சின்ன நூலகம், விசேஷம் நடத்த ஒரு ஹால். ஜெயசீலன் எல்லாவற்றையும் ஆசையாகக் காட்டினான்.

"வெளிய போக வேற வழி இருக்காப்பா?"

"ஒரே கேட்தான் சார். ராத்திரி பகல் செக்யூரிட்டி இருப்பாங்க."

"இந்த நடைபாதை?"

"எங்க ஆரம்பிச்சாலும் சுத்தி அதே இடத்துக்கு வந்துடும் சார்."

அவர் நின்று அந்தப் பாதையைப் பார்த்தார்.

போன மாதம் மனைவி வத்சலாவைத் தாம்பரம் ரயில் நிலையத்தில் கண்டுபிடித்தார்கள். எங்கே போகணும் என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, வீட்டுக்கு என்று மட்டும் சொன்னாளாம்.

கல்யாணமான நாள் முதல் வாடகை வீடுகள். எல்லா வீட்டிலும் சமையலறை இருட்டு. சொந்த வீட்டில் பெரிய ஜன்னல் வைத்துத் தருவதாக அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். முதலில் பெண்ணின் படிப்பு வந்தது. பிறகு அவள் கல்யாணம். வத்சலா ஒருமுறைகூடக் குத்திக்காட்டியதில்லை.

இந்த வீட்டின் சமையலறையில் ஜன்னல் பெரியது.

கூட வந்திருந்த வத்சலா அதனருகே போய் நின்றாள். மேடையைத் தடவினாள்.

"என்னங்க, இங்க பாருங்களேன். எவ்வளவு வெளிச்சம்!"

அவரும் பக்கத்தில் வந்தார்.

"பிடிச்சிருக்கா வத்சு?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வேப்பமரத்தில் ஓர் அணில் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

திரும்பியபோது அவள் முகத்தில் ஒரு மரியாதை வந்திருந்தது. முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள்.

"வீடு நல்லா இருக்கு சார். உங்க சம்சாரம் குடுத்து வச்சவங்க."

ஜெயசீலன் சட்டென்று செல்போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

"நேரமாச்சு, நான் கிளம்பறேன். எங்க வீட்டுக்காரர் தேடுவார்."

"தேடிக்கிட்டுத்தாம்மா இருக்கார்," என்றார்.

வாசலில் குனிந்து அவள் செருப்பை எடுத்து முன்னால் வைத்தார்.

"ஐயோ, நீங்க போய்..." என்று கூசினாள்.

"முடிச்சிடலாம்ப்பா," என்றார் ஜெயசீலனிடம், மெல்ல.

காருக்குப் போகும் வழியில் அவள் ஒரு முழம் தள்ளியே நடந்தாள், அந்நிய ஆண்களோடு எப்போதும் நடப்பதுபோல்.

அவரும் தள்ளியே நடந்தார்.