சூடு ஏறாத கரண்ட் அடுப்பு

"இன்னிக்கும் சரியாகலைன்னா கரண்ட் ஆபீஸ் இன்ஜினீயருக்கு லெட்டர் எழுதி, அதை ஒன் கையிலேயே கொடுத்தனுப்புவேன். தெரிஞ்சுக்கோ!"

நடுக்கட்டு வாசலில் நின்றபடியே செங்கமலம் அதட்டினாள். வயர்மேன் பிச்சைமுத்து சைக்கிளைத் தாழ்வாரத்தில் ஏற்றி நிறுத்திவிட்டு, துண்டால் தலையைத் துவட்டினான். மார்கழி மழை, விட்டபாடில்லை.

"அப்படிச் செஞ்சுராதீங்கம்மா. ஒண்ணாந்தேதி என்னை நிரந்தரமாக்குறாங்க. இந்த நேரத்துல பெட்டிஷன் போச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. மூணு பொட்டப்புள்ளைக இருக்குங்க."

"இந்தப் புத்தி மூணு வாரத்துக்கு முந்தி வந்திருக்கணும்."

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. முதல் தடவை வந்தவன், "மேல் காயில் கம்பி எரிஞ்சுபோச்சு, கீழ் காயில் மட்டும்தான் வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டாம் தடவை கொண்டுவந்த காயில் ஒரு சாண் குட்டை. இன்றுவரை அடுப்பு வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. உள்ளே வைத்த ஸ்பாஞ்ச் கேக் களியாகத் திரும்பி வந்தது.

சனிக்கிழமை, அவள் படித்த திருச்சி கான்வென்ட்டின் தலைவி மதர் வருகிறார். அனாதைக் குழந்தைகள் நிதிக்காகக் கேக் விற்பனை. பன்னிரண்டு கேக் தருவதாகச் செங்கமலம் வாக்குக் கொடுத்திருந்தாள். மதர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதா?

முட்டை படுகிற சாமான் என்பதால் அந்த அடுப்புக்குச் சமையலறையில் இடமில்லை. கொல்லையில், மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் வைத்திருந்தார்கள். செங்கமலத்தின் மேற்பார்வையெல்லாம் நடுக்கட்டு வாசலோடு சரி. அந்த அறைக்குப் போய்வருவது வேலைக்காரி காத்தாயி ஒருத்திதான்.

அவள்தான் இப்போது பிச்சைமுத்துவின் குறுக்கே வந்து நின்றாள்.

"அங்கிட்டுப் போகாதீங்க தம்பி. அடுப்புக்குள்ள என்னமோ இருக்கு."

"என்னடி இருக்கு?" என்றாள் செங்கமலம்.

"செத்துப்போன தொரசாணிதாம்மா. அவுக வீட்டுச் சாமானை ஏலத்துல எடுத்தது தப்புங்க. தொட்டா, மனுச ஒடம்பைத் தொட்டாப்புல கதகதங்குது."

"எனக்குக் கான்வென்ட்ல சொல்லிக்கொடுத்தது பரிசுத்த ஆவி ஒண்ணுதான். அது அடுப்புக்குள்ள எல்லாம் வந்து உட்காராது. தள்ளு!"

வாய்தான் அப்படிச் சொன்னது. கால் வாசற்படியைத் தாண்டவில்லை.

நாலு நாளாக அவளுக்குள்ளும் ஒரு உதறல். பட்டப்பகலில், ஒரு விளக்கு எரியாத, ஒரு ஃபேன் ஓடாத வீட்டில், மீட்டர் சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நேற்று மழை சற்றே ஓய்ந்தபோது அந்த அறைப்பக்கம் மெல்லிசாக ஒரு சத்தம். பூனைக்குட்டி என்று நினைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் பூனையே கிடையாது.

பிச்சைமுத்து மீட்டரை நிமிர்ந்து பார்த்தான்.

"எல்லாம் அணைச்சிருக்குங்களாம்மா?"

"எல்லாம் அணைச்சிருக்கு."

"சக்கரம் சுத்துதுங்களே."

 அவன் பையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனான்.

வாசலிலிருந்து பார்த்தால் அவன் முதுகு மட்டும் தெரிந்தது. அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கதவைத் திறந்தான். அவ்வளவுதான், அசையவில்லை. கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் நழுவித் தரையில் விழுந்து கணீரென்றது. அதைக்கூட எடுக்கவில்லை.

பிறகு மெதுவாகக் கையை உள்ளே விட்டான்.

அதே சத்தம். கீச்சென்று எழுந்து, சட்டென்று நின்றது.

செங்கமலம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கூவினாள்.

"என்ன அது? பிச்சைமுத்து! என்ன அது?"

அவன் கதவை மெல்ல ஒருக்களித்து வைத்தான். அடுப்புக்குப் பின்பக்கம் போய்க் கால்மணி நேரம் ஏதோ குடைந்தான். கொண்டுவந்த புதுக் காயில், சுற்றின காகிதம் பிரியாமலே பைக்குத் திரும்பியது.

வெளியே வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"சரியாச்சா?"

"இல்லீங்க."

"இந்தக் காயிலும் சேரலையா?"

"காயில் சரிதாங்க. எனக்குத்தான் இந்த வேலை தெரியலை."

"உள்ள என்னத்தைப் பார்த்தே?"

"ஒண்ணுமில்லீங்க." பையை இறுக்கிக் கட்டினான். "ஒரு மாசத்துக்கு இதை யாரும் தொட வேணாம்மா. கிட்டப் போகவும் வேணாம்."

"பேய்க்குப் பயந்துட்டேன்னு சொல்லு! இதுல அரசாங்க வேலை வேற." பயந்தது தான் மட்டுமில்லை என்றதும் செங்கமலத்துக்குத் தைரியம் வந்துவிட்டது. "அப்ப லெட்டர் எழுதட்டுமா?"

பிச்சைமுத்து ஒருமுறை அந்த அறையைத் திரும்பிப் பார்த்தான்.

"எழுதிருங்கம்மா."

எழுதினாள். கான்வென்ட் கையெழுத்தில், முத்து முத்தாக, நாலே வரி இங்கிலீஷ். வேலை தெரியாதவன், மூடநம்பிக்கைக்காரன், உடனே நீக்க வேண்டும். உறையை ஒட்டி நீட்டினாள். அவன் அதை நனையாமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு, சைக்கிளைக் கொல்லை வழியாகத் தள்ளிக்கொண்டு போனான்.

கொல்லைப் படலருகே காத்தாயி மழையில் நின்றிருந்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஒங்க வேலை போயிருமே, தம்பி..."

"எர்த் கம்பி கட்டிட்டேன், இனிமே ஷாக் அடிக்காது," என்றான் பிச்சைமுத்து. "சுவிட்சைக் குறைச்சலாவே வச்சிரு ஆத்தா, அந்தக் கதகதப்பு போதும். கதவை மட்டும் ஒரு விரக்கடை தொறந்தே வையி. கொறமாசத்துல பொறந்த புள்ளை, மூச்சு விடணும்ல?"