முழுக்கை ரவிக்கை

ஆட்டோவை விட்டு இறங்கும்போதே சம்மந்தியம்மா அமராவதியின் முகம் சரியில்லை.

தங்கராசு வாசலுக்கு ஓடினார். கூடவே இறங்கிய மகள் சத்யப்பிரியா தலை நிமிரவில்லை. முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடியிருந்தாள். மாப்பிள்ளை கதிர்வேல் வரவில்லை.

கல்யாணம் ஆகி நாலு மாசம்தான் ஆகிறது. காட்டுமன்னார்கோயிலில் இருந்து சிதம்பரம் வந்து, அங்கே பஸ் மாறி, கடலூருக்கு ஒரு போன்கூடப் போடாமல் சம்மந்தியம்மா மருமகளோடு வந்து நிற்கிறாள் என்றால் வேறு என்ன இருக்கும்?

"வாங்க சம்மந்தி, உக்காருங்க."

அமராவதி உட்காரவில்லை. தங்கராசுவின் மனைவி பட்டம்மாள் கொண்டுவந்து நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை. மருமகளின் கையைப் பிடித்து, முழுக்கை ரவிக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டாள்.

பட்டம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கல்யாணத்தின்போது முழங்கையில் மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு தடிப்பு இருந்தது. இப்போது மணிக்கட்டு வரை சிவந்து தடித்து, மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில் உரிந்து கிடந்தது. அங்கங்கே ரத்தம் காய்ந்திருந்தது.

"இது எத்தினி வருசமா இருக்குது?"

தங்கராசு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"உங்களத்தான் கேக்கறேன்."

"ஆறு வருசமா" என்றார் தங்கராசு. "சோரியாசிஸ்னு சொன்னாங்க. ஒட்டிக்கிற நோய் இல்ல சம்மந்தி. தொட்டா வராது. ஒரே தட்டுல சாப்பிட்டாலும் வராது."

"ஆறு வருசம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

தங்கராசு சமாதானம் சொல்லப் பார்த்தார். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், காபி நீட்டிய கையைப் பார்த்துவிட்டு டம்ளரைத் தொடாமலே எழுந்து போனதைச் சொன்னார். அடுத்து வந்த இடம் நிச்சயம் வரைக்கும் போய் நின்றதைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே கோபம் ஏறியது.

"பொண்ணப் பெத்தவன் வேற என்ன பண்ணுவான்? சொல்லியிருந்தா நீங்க மட்டும் கட்டியிருப்பீங்களா?"

"அதச் சொல்லிட்டுல்ல கேட்டிருக்கணும்?"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. பட்டம்மாள் கதவைச் சாத்தப் போனாள். திறந்தே இருக்கட்டும் என்றாள் அமராவதி.

ரைஸ்மில் களத்தில் வெயிலில் நெல் துழாவிக்கொண்டே கத்திப் பேசிப் பழகிய குரல் அவளுடையது. அது தணியவே இல்லை. எந்நேரமும் பாத்ரூமைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள், யாரோடும் ஒட்ட மாட்டேன் என்கிறாள், திமிர் பிடித்தவள் என்று தானும் மகனும் இந்தப் பெண்ணை வாய்க்கு வந்தபடி பேசியதைச் சொன்னாள். போன வாரம் பாத்ரூம் கதவைத் தட்டித் திறந்தபோது, பீர்க்கங்காய் நாரால் கையைத் தேய்த்துத் தேய்த்து, தரையெல்லாம் ரத்தமாக உட்கார்ந்திருந்தாளாம்.

"சிதம்பரத்துல தோல் டாக்டர்கிட்ட அழைச்சிக்கிட்டுப் போனேன். அந்தம்மா இவ கையப் பாத்தாங்க. அப்புறம் என்னப் பாத்தாங்க. நீதான் மாமியாரா, மருந்த நிறுத்தச் சொன்னது நீதானான்னு பத்து பேரு எதிர்ல கேட்டாங்க. திருடி மாதிரி நின்னேன்."

தங்கராசு மனைவியைப் பார்த்தார்.

"நல்லா அடங்கிக் கெடந்த நோயாம். சுகர் மாதிரி, முழுசாப் போவாதாம். ஆனா மருந்த விடாம, தோலு காயாம பாத்துக்கிட்டு, கவலையில்லாம இருந்தா அது பாட்டுக்கு அடங்கியிருக்குமாம். திடீர்னு மருந்த விட்டதும், பயந்து பயந்து சொரண்டுனதும்தான் இவ்ளோ ஜாஸ்தி ஆக்கிட்டுதாம். யாரு நிறுத்தச் சொன்னது?"

பட்டம்மாள் அழ ஆரம்பித்தாள். அந்த மருந்து தார் மாதிரி நாறும், தலையணையில் கறை பிடிக்கும் என்றாள். மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று கல்யாணத்துக்கு முந்தின நாள் தானேதான் எல்லாவற்றையும் எடுத்துப் போய்க் குப்பையில் கொட்டினாளாம். அங்கே போய் ஒரு வார்த்தை வாயைத் திறக்கக் கூடாது என்று மகளிடம் சத்தியமும் வாங்கினாளாம்.

தங்கராசுக்கு இது புதுச் செய்தி. ஆனால் மனைவியைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. மறைக்கலாம் என்று முதலில் சொன்னது அவர்தான்.

அமராவதியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்பு எங்களுதுதான் சம்மந்தி. இனிமே பேசி என்னா ஆவப் போவுது? பொண்ண விட்டுட்டுப் போங்க. நாங்க வச்சி வைத்தியம் பாத்துக்கறோம்."

சத்யப்பிரியா அப்போதுதான் முதல்முறையாகத் தலையைத் தூக்கி மாமியாரைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட விடறதா?" என்றாள் அமராவதி. "மறுபடியும் மருந்தக் குப்பையில கொட்டறதுக்கா? முன்ன பாத்த ஆஸ்பத்திரி சீட்டெல்லாம் டாக்டரம்மா கேட்டாங்க, அத எடுங்க. நாலரை பஸ்ஸுக்கு எம் மருமவள அழைச்சிக்கிட்டு நான் வூட்டுக்குப் போவணும்."