உப்பும் கரியும்

"என்னங்க, உங்க அண்ணி நமக்குச் செய்வினை வைக்கிறாங்க!"

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த கணவனுக்குப் புரை ஏறியது.

"என்னடி உளர்றே?"

"கண்ணால பார்த்தேன். நம்ம ஜன்னலுக்குக் கீழே குழி தோண்டி, உப்பையும் கரியையும் மாத்தி மாத்திப் போட்டு மூடினாங்க. சுத்துமுத்தும் பார்த்துக்கிட்டே!"

"அண்ணிக்கு நம்மளத் திட்டவே நேரம் பத்தாது. செய்வினைக்கு எங்கே போவாங்க?"

"சிரிக்காதீங்க. கைப்பிள்ளையை வெச்சுக்கிட்டு இனி இங்கே இருக்க மாட்டேன். வேற வீடு பாருங்க."

ஒரே வீட்டை நடுவில் தடுத்து இரண்டு குடித்தனம். துணி காயப்போடும் கொடிக்காகச் சண்டை போட்டதிலிருந்து ஓரகத்திகள் இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அவன் வேலைக்குக் கிளம்பியதும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மண்வெட்டியை எடுத்தாள். குழியில் இருந்த மொத்தத்தையும் வாரிக்கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பையில் கொட்டினாள். கையைக் கழுவிய பிறகுதான் மூச்சே வந்தது.

சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கூடவே கேபிள்காரரும் வந்தார், நீளக் கம்பியும் ஒரு சின்னப் பெட்டியுமாக.

"குழி எங்கேம்மா? கம்பியை இறக்கணும்."

"எந்தக் குழி?"

"எர்த் குழிம்மா. போன மழைக்கு உங்க டி.வி. புகைஞ்சதே, மறந்துட்டீங்களா? மின்னல் அடிச்சா கேபிள் வழியா எகிறி வர்ற கரண்டை இந்தப் பெட்டி பிடிச்சு, கம்பியில மண்ணுக்கு அனுப்பிடும். கம்பியைச் சுத்தி ஈரம் நிக்கத்தான் உப்பும் கரியும். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். கடைசியில பக்கத்து வீட்டம்மா, 'கைக்குழந்தை இருக்கிற வீடுப்பா. குழியை நான் பார்த்துக்கறேன், நீ கம்பியோட வா. என் பேரை மட்டும் சொல்லிடாதே'ன்னாங்க... ஐயையோ, சொல்லிட்டேனே!"

அவள் கேபிள்காரரை அப்படியே நிற்க வைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

பக்கத்து வாசலில் போய் நின்றாள். கதவைத் தட்டக் கை வரவில்லை. தூரத்தில் இடி உறுமியது. தட்டிவிட்டாள்.

"அக்கா... உப்பு கொஞ்சம் கிடைக்குமா?"

"எவ்வளவு?"

"ஒரு... குழி அளவுக்கு."

ஓரகத்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கதவுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு மூட்டையை இழுத்தாள்.

"நீ வாரிக்கிட்டுப் போனதை ஜன்னல் வழியா பார்த்தேன்டி. அப்பவே ஓடிப்போய் மறுபடியும் வாங்கிட்டு வந்துட்டேன். கரியும் இருக்கு, ஒரு பக்கம் பிடி!"