பிரிக்காத பெட்டி

அந்த மியூசியத்தில் பழைய கார்களையும் ஒற்றை இன்ஜின் விமானத்தையும் ஒரு நோட்டம் விட்டுவிட்டு, எல்லோரும் வந்து நிற்பது பொம்மை ஜீப்பின் முன்னால்தான். அதன் அட்டைப்பெட்டியில் ஒட்டிய டேப்கூடக் கிழியவில்லை.

“நாற்பது வருஷமா யாருமே பிரிக்கலையா?” என்று கேட்டார் பத்திரிகைக்காரர்.

“என் ஏழாவது பிறந்தநாளுக்கு அப்பா வாங்கினது, சார். தரையில புரண்டு அழுதேன். ‘பிரிச்சா மதிப்பு போயிடும்டா’ன்னு கண்ணாடி அலமாரியில வச்சுப் பூட்டிட்டார்” என்று சிரித்தார் மியூசியம் முதலாளி.

தலைக்கு மேலே எதையோ தரதரவென்று இழுக்கும் சத்தம் கேட்டது.

“மாடியில ரிப்பேர் வேலையா?”

“அப்பாதான் சார், பாத்ரூம் போறார். வாதம் வந்து ரெண்டு காலும் போச்சு. ஒரு வருஷமா தவழ்ந்துதான் போறார்.”

“அடப்பாவமே! ஒரு சக்கர நாற்காலி வாங்கித் தரக் கூடாதா?”

“அந்த வாரமே வாங்கிட்டேனே!”

பக்கத்துக் கண்ணாடி அலமாரியைக் காட்டினார் முதலாளி. உள்ளே இருந்த பெரிய அட்டைப்பெட்டியிலும் டேப் கிழியவில்லை.

“தினமும் அழறார், சார். என்ன பண்றது? பிரிச்சா மதிப்பு போயிடுமே!”