இரண்டாம் வாதி

"எரியற வீட்டுல புடுங்கினது லாபம்னு நோயாளிகிட்ட எழுதி வாங்கியிருக்கான் பாரு. இவனெல்லாம் சிநேகிதனா?"

ஓசூர் நீதிமன்ற வராந்தாவில், வழக்கைப் பார்க்க வந்திருந்த ஊர்க்காரர் ஆஞ்சப்பன் உரக்கவே சொன்னார். நல்லுசாமியின் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னார்.

நல்லுசாமி நிமிர்ந்து பார்க்கவில்லை.

உத்தனப்பள்ளியில் ராஜப்பன் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய ஒன்றரை ஏக்கர் அது. சாவதற்கு மூன்று மாதம் முன்பு அதை நல்லுசாமிக்குக் கிரயம் எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிட்டார். சுற்றிலும் கம்பெனிகள் வந்து நிலத்தின் விலை ஏறிக் கிடக்கிற நேரம். ஏமாற்றி வாங்கிவிட்டான் என்று ஊரே பேசியது. ஊர் வாயை யார் மூட முடியும்?

கிரயம் செல்லாது என்று ராஜப்பனின் ஒரே மகன் ஹரீஷ்குமார் வழக்குப் போட்டான். அவன் முதல் வாதி. அவன் அம்மா ருக்மணி இரண்டாம் வாதி.

அன்று ருக்மணியை விசாரிக்கும் நாள்.

ஹரீஷ்குமார் மலைபோல் நம்பியது ஒரு காகிதத்தை. கிரயம் ஆனபிறகு, போன வருஷம் சானமாவு காட்டு யானைகள் இறங்கி ராகியை மிதித்தபோது, வனத்துறை கொடுத்த நிவாரணம் ருக்மணி பேரில்தான் வந்திருந்தது. நிலம் கைமாறவே இல்லை என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

ருக்மணி கூண்டில் ஏறி, உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்தார். குறுக்கு விசாரணைக்கு நல்லுசாமியின் வக்கீல் எழுந்தார்.

"நிலத்துல பயிர் வைக்கிறது யாரும்மா?"

"நான்தானுங்க."

ஹரீஷ்குமாருக்கு முகம் மலர்ந்தது.

"எந்த உரிமையில வைக்கிறீங்க?"

ருக்மணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"குத்தகைக்குங்க. நிலம் நல்லுசாமி அண்ணனுது."

"யானை நிவாரணம் உங்க பேர்ல வந்திருக்கே?"

"பயிர் வெச்சவளுக்கே குடுங்கன்னு அவருதான் எழுதிக் குடுத்தாரு."

"கிரயத்துக்குப் பணம் குடுத்தாரா?"

"எங்க வூட்டுக்காரர் கையில குடுத்தாரு. நான் பக்கத்துல இருந்தேன்."

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இது நீங்க போட்ட வழக்கு."

"யோசிச்சுத்தானுங்க சொல்றேன்."

ஹரீஷ்குமாரின் வக்கீல் வழக்குக் கட்டை மூடி வைத்தார். அதற்குமேல் அந்த வழக்கில் பேச ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் மகன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"அந்தாளு மிரட்டினானாம்மா? ஏம்மா இப்படிப் பண்ணினே? என் வாழ்க்கையே போச்சேம்மா!"

ருக்மணி அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. பிடித்திருந்த அம்மாவின் கையை உதறிவிட்டு, அவன் பைக்கை உதைத்துக்கொண்டு போனான்.

"பெத்த புள்ளைக்கே துரோகம் பண்ற தாயை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்று ஆஞ்சப்பனும் நடையைக் கட்டினார்.

கூட்டம் கலைந்தபின் நல்லுசாமி பக்கத்தில் வந்தார்.

"சத்தியம் பண்ணிப் பொய் சொல்ல வெச்சுட்டேனேம்மா. ஒத்த ரூபா குடுக்கலை நானு. ராஜப்பன் கேட்டான்னு பேரை மட்டும் குடுத்தேன்."

"பாவம்னா எனக்கும்தாண்ணா. விடுங்க."

"எனக்குப் பின்னாடி நிலம் உன் பேத்திக்குன்னு உயிலும் பதிவு பண்ணிட்டேன். ஹரீஷு டவுன் வீட்டையும் பொண்டாட்டி நகையையும் செல்போன் ரம்மியில தொலைச்சவன். அவன் கைக்குப் போகக் கூடாதுன்னு ராஜப்பன் நெனைச்சது சரிதான். ஆனா ஒண்ணுதான் இன்னும் வெளங்கலை. உன் பேருக்கே எழுதியிருந்தா இத்தனை பழி வந்திருக்காதேம்மா?"

"என் பேருக்குத்தாண்ணா எழுதறேன்னாரு. நான்தான் வேண்டாம்னு காலைப் புடிச்சேன்."

"ஏம்மா?"

ருக்மணிக்கு அதுவரை வராத அழுகை வந்தது.

"அவன் அழுதா நான் எதுல வேணாலும் கையெழுத்துப் போட்டுடுவேண்ணா. இந்த வழக்குலயும் அப்படித்தான் போட்டேன்."