ஆறாவது சிப்

உக்கிரபாண்டி சிப்பின் கடைசிக் காலையும் ஈயத்தால் பற்றவைத்துவிட்டு, புகையை ஊதித் தள்ளினார்.

எதிரே பெஞ்சில் ஏலக்காய் எஸ்டேட் முதலாளி வெள்ளைத்துரை. கடை வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடி, அவர் பங்களாவில் வேலை பார்க்கும் மொக்கம்மாள்.

மேசையில் பிரித்துக் கிடந்த கம்ப்யூட்டர் முதலாளியுடையது. நாலு வருடம் முன்பு மச்சினர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. டிவியோடு மாட்டினால் பந்து தட்டி விளையாடலாம். முதலாளிக்கு அது உயிர்.

அது கெட்டதற்கு மொக்கம்மாள் ஈரத்துணியால் துடைத்ததுதான் காரணம் என்பது அவர் கட்சி. ஆமாம் என்று உக்கிரபாண்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அவள் இன்றைக்கே எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதைத் தன் காதாலேயே கேட்கட்டும் என்று போடிமெட்டிலிருந்து ஜீப்பில் ஏற்றிக் கூட்டி வந்திருந்தார்.

உக்கிரபாண்டிக்கு வழக்கைவிடப் பெட்டியின் மேல்தான் கண். பதினைந்து வருடமாகப் போடியில் ரேடியோவும் டிவியும் ரிப்பேர் பார்க்கிறவர், கம்ப்யூட்டரைத் திறந்தது இதுதான் முதல் தடவை.

போன வாரம் மாட்டிப் பார்த்தபோது திரை முழுக்க நெட்டுக்கோடுகள். உட்கார்ந்து எண்ணினார். எட்டுப் புள்ளிக்கு ஒரு புள்ளி கெட்டிருந்தது, அதுவும் ஒவ்வொரு எட்டிலும் ஆறாவது. பலகையிலும் படத்துக்கென்று எட்டு சிப்புகள் வரிசையாக இருந்தன. ஆறாவதைத் தொட்டார். விரலைச் சுட்டது. அன்றைக்கு அவர் சாப்பாட்டையே மறந்துவிட்டார்.

மதுரையில் மூன்று கடை ஏறி இறங்கியும் அந்த ரகம் கிடைக்கவில்லை. செய்வதையே நிறுத்திவிட்டார்களாம். கிடைத்தது அதற்கு அடுத்து வந்த புது ரகம். பழையதற்கு மூன்று விதமான மின்சாரம் வேண்டும், புதியதற்கு ஒன்றே போதும். அப்படியே சொருகினால் கருகிவிடும். அதனால் மூன்று கால்களை மட்டும் மேலே மடக்கி, ஒன்றைச் சும்மா விட்டு, மற்ற இரண்டுக்கும் தனி ஒயர் கொடுத்திருந்தார்.

ஒன்றுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் பட்டிருந்தால் துரு இருக்க வேண்டுமே. ஒரு கால்கூடக் கறுக்கவில்லை. மாறாக, திறந்ததும் ஏலக்காய் வாசம் குப்பென்று வந்தது. பெட்டியின் அடிப்பக்க பிளாஸ்டிக் இளகி, அதில் கம்பிவலையின் தடம் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது.

பச்சை ஏலக்காயைக் கம்பிவலைத் தட்டில் பரப்பி, இரவு பகலாக விறகுச் சூட்டில் உலர்த்துகிற ஸ்டோருக்குள் இந்தப் பெட்டி இருந்திருக்கிறது. மழைக்காலத்தில் மலையில் துணிமணி, ரேடியோ எல்லாவற்றையும் பூஞ்சைக்குப் பயந்து அங்கேதான் வைப்பார்கள். எடுத்த சூடு ஆறுமுன் யாரோ சுவிட்சையும் போட்டிருக்கிறார்கள். சிப் போனது அந்தச் சூட்டில்தான்.

ஸ்டோருக்கு விறகு போடுகிறவளும் மொக்கம்மாள்தான். துடைத்த ஈரம் காயட்டும் என்று பயந்துபோய் வைத்திருப்பாள், பாவம்.

சுவிட்சைப் போட்டார். திரை ஒரு கோடுகூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று வந்தது. மூன்று பேருமே கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்கள்.

"தண்ணி பட்டுத்தான போச்சு? அவளுக்கு வெளங்குற மாதிரி சொல்லு."

"தண்ணியெல்லாம் படல மொதலாளி. இந்த ரகம் சிப்பு செய்றதையே நிறுத்திட்டாங்க. வயசாகிருச்சு, போயிருச்சு."

பொய்தான். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சமும் கூசவில்லை.

மொக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூடி முடுக்கிக் கொடுத்த பெட்டியை வாங்கிப்போய் ஜீப்பின் பின்பக்கம் ஏறி, மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலாளி உடனே கிளம்பவில்லை. ஜீப்பருகே உக்கிரபாண்டியின் தோளில் கைபோட்டு, குரலைத் தணித்தார்.

"அப்ப, நான் ஸ்டோருல வச்சதுனால ஒண்ணும் ஆகலங்குற? அந்தப் பயத்துல எனக்கு ஒரு வாரமா தூக்கமே இல்ல."

உக்கிரபாண்டி அவரிடம் ஸ்டோரைப் பற்றி மூச்சுகூட விட்டிருக்கவில்லை.

அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. உண்மையைப் போட்டு உடைத்துவிட வாயைத் திறந்தார்.

மொக்கம்மாள் ஜீப்புக்குள்ளிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை தலையசைத்தாள்.

பெட்டியை ஸ்டோரில் வைத்தது யார் என்று அவளுக்கு முதலிலேயே தெரியும்.